முளைக்குள் ஒரு பிணவாடை

அக்மாட்டினேஸ் என்ற நொதியின் பெயரில் உள்ள வால் நமக்குப் பழக்கமானது. 1833இல் பாயன், பெர்சோ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் முளைகட்டிய பார்லியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பொருளைக் கண்டு அதை டயஸ்டேஸ் என்றார்கள். அந்த ‘ஏஸ்’தான் பிறகு பெரும்பாலான நொதிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. நொதி என்பதே நல்ல தமிழாக்கம். என்சைம் என்றால் கிரேக்கத்தில் ‘புளித்த மாவுக்குள்’ என்று பொருள். தமிழும் நொதித்தலிலிருந்தே சொல்லை எடுத்தது.

தலைப்பகுதிதான் விசித்திரம். 1910இல் ஜெர்மானியர் ஆல்பிரெக்ட் கோசெல் ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அக்மாட்டின் என்றார். அமினோவின் ‘அ’, குவானிடினின் முதல் மெய், டோமெய்னின் ‘மா’ ஆகியவை சேர்ந்த சொல் இது என்கிறார்கள்; ‘ட்’ ஓசைக்காக வந்ததாம். டோமெய்ன் என்பது இத்தாலிய வேதியியலர் செல்மி சூட்டிய பெயர். பிணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, உயிர்வித்தில் கிடைத்த பொருளின் பெயருக்குள் ஒரு பிணம் கிடக்கிறது.

அக்மாட்டினேஸ் செய்யும் வேலை நீராற்பகுப்பு. மாங்கனீசின் துணையோடு, தண்ணீரைக் கொண்டு அக்மாட்டினை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பாதி யூரியா, நம் உழவர் வயலில் தூவும் அதே யூரியா. மறு பாதி புட்ரெசின். இந்தப் பெயர் இன்னும் மோசம். 1885இல் லுட்விக் பிரீகர் அழுகிய இறைச்சியில் அதைக் கண்டார். லத்தீனில் அழுகலைக் குறிக்கும் சொல்லையே சூட்டிவிட்டார். முதலில் மூக்கில் பட்ட இடம் பெயராக நிலைத்துவிட்டது. ஆனால் செல் பெருகும் இடமெல்லாம் புட்ரெசின் வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க முளையை விடச் சிறந்த இடம் கிடையாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், ஊரார் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றழைக்கும் இடத்தில், உயிர்வேதியியல் துறையினர் கேசரிப் பருப்பை விடாமல் ஆராய்ந்தார்கள். கால்களை முடக்கும் அதன் நஞ்சை ராவ், அடிகா, சர்மா மூவரும் 1964இல் பிரித்துக் காட்டினார்கள். துவரம்பருப்பில் கலப்படமாக வரும் அந்தப் பருப்பேதான். 1981இல் ஸ்ரீவேணுகோபாலும் அடிகாவும் அதன் முளைகளில், அக்மாட்டினைப் புட்ரெசினாக்கும் பல வேலைகளை ஒரே புரதம் செய்வதாகக் கண்டு ‘புட்ரெசின் சிந்தேஸ்’ என்று பெயரிட்டார்கள். இது அக்மாட்டினேஸ் செல்லும் வழியல்ல. இங்கே யூரியா வெளிவருவதில்லை. அம்மோனியா முதலில் கழன்று, பிறகு இன்னொரு படி தாண்டிப் புட்ரெசின் பிறக்கிறது. 2003இல் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அந்தப் படிகளுக்குத் தனித்தனி நொதிகள் இருப்பது தெரியவந்தது. சிந்தேஸ் என்ற பெயர் பரவலாக நிற்கவில்லை. ஆனாலும் அதை நான் மதிக்கிறேன். அழுகலைச் சொன்ன பெயருக்குப் பக்கத்தில் ஆக்கத்தைச் சொன்ன பெயர் அது.

நொதிகளின் பன்னாட்டுப் பட்டியலில் அக்மாட்டினேஸின் எண் 3.5.3.11. முதலில் நிற்கும் 3, நீராற்பகுப்பவை என்ற வகுப்பு. நம் பாடநூல்களில் புட்ரெசின் என்று எழுதும்போது ‘அழுகலில் கண்டது’ என்பதோடு, கேசரி முளையில் பார்த்ததையும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.