சிந்தாமணி கூட்டிய நட்பு

வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. புதுசாக ஒரு தமிழரைப் பார்த்தால் முதல் கேள்வி "எந்த ஊர்?" அடுத்தது "நம்பர் குடுங்க". பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அனுப்புவோம், அதோடு சரி. கைப்பேசியில் ஐந்நூறு பெயர் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எழுந்து வருகிறவர் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரலே போதும்.

அறிமுகம் வேறு, உறவு வேறு. முன்னதை எந்தக் கருவியும் கொடுத்துவிடும். பின்னதை மனிதர்தான் கட்டணும். இதற்கு நம் தமிழ் வரலாற்றிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையருக்கும் அவருக்கு உதவியவர்களுக்கும் நடுவே வளர்ந்த உறவைச் சொல்கிறேன். நான் படித்துப் பட்டம் வாங்கிய புலவன் அல்ல. கடையைச் சாத்திய பிறகு புத்தகத்தைத் திறக்கிற வியாபாரி. தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்ததால் இந்தக் கதை எனக்குக் கொஞ்சம் நெருக்கம், அவ்வளவுதான்.

காலமும் கருவியும்

ஐயர் உத்தமதானபுரத்துக்காரர், 1855இல் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார்.

அந்த நேரத்தில் தபால் துறையில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1854லேயே இந்தியா முழுக்க ஒரே தபால் கட்டணம் வந்துவிட்டது. கால் தோலா எடையுள்ள கடிதம் எவ்வளவு தூரம் போனாலும் அரை அணாதான். 1879 ஜூலையில் கால் அணா அஞ்சலட்டை வந்தது. ஒரு ரூபாய்க்கு 64 அட்டை! 1880இல் தபாலாபீஸ் மணியார்டரும் ஆரம்பித்தது. திருநெல்வேலியில் இருக்கிற ஏட்டைப் பற்றிக் கும்பகோணத்தில் இருந்தபடியே விசாரிக்கலாம், பதிலும் சில நாளில் வந்துவிடும். ஒரு தலைமுறைக்கு முன்னால் இது ஆகிற காரியமா?

ஆனால் அட்டை எல்லாருக்கும்தான் கால் அணா. எத்தனையோ ஆயிரம் பேர் வாங்கி எழுதினார்கள். ஐயர் எழுதியதில் மட்டும் நூல்கள் விளைந்தன. அதற்குக் காரணம் தபால்பெட்டியில் இல்லை, எழுதிய மனுஷரிடம் இருந்தது.

முன்சீப் கேட்ட கேள்வி

1880 அக்டோபர் 21ஆம் தேதி ஐயர், கும்பகோணத்துக்குப் புது முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று பெரிய பட்டியலே ஒப்பித்தார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்பதுதான் பதில்.

இருபத்தைந்து வயது, கல்லூரி உத்தியோகம், பெரிய ஆசிரியரிடம் படித்த பேர். வேறு ஒருவராக இருந்தால் "இவருக்கு என்ன தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார். ஐயர் திரும்பவும் அதே வீட்டுக்குப் போனார். முதலியார் கொடுத்த கையெழுத்துப் பிரதியை வாங்கி, அவரோடேயே உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். இந்த உறவுக்கு விதை உபசார வார்த்தை அல்ல, கசப்பான ஒரு கேள்வி. முதலியார் பிறகு சென்னைக்குப் போய் வக்கீல் தொழில் செய்தபோதும் இந்த நட்பு தொடர்ந்தது.

சமணர் வீட்டு வாசல்

சிந்தாமணி திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் செய்த காப்பியம். 13 இலம்பகம், 3145 பாட்டு. தமிழ் தெரிந்தால் பாட்டு புரியும். ஆனால் சமயக் கருத்து வருகிற இடத்தில் அந்தத் தமிழ் உதவாது. அருகர், சித்தர், சாது, தருமம் என்கிற நான்கு சரணம், நாற்கதி, பந்தம், மோட்சம், சமவசரணம் என்பதெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் காதில் விழுந்துகொண்டே இருக்கிற சொற்கள். திருவாவடுதுறை மடத்தில் சைவ நூல் படித்து வளர்ந்தவருக்கு அவை புதுசு.

கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருப்பது தெரிந்து ஐயர் அவர்களைத் தேடிப் போனார். அங்கே சிந்தாமணியை மாதக்கணக்கில் கூட்டமாக உட்கார்ந்து படித்து, பொருள் சொல்லி முடிக்கிற வழக்கம் இருந்தது. முடிகிற நாள் வீட்டில் விசேஷம் மாதிரி. ஐயர் போன சமயத்தில் அப்படி ஒரு படனம் நிறைவாகியிருந்தது. உலகம் மறந்துவிட்டது என்று அவர் நினைத்த நூல், நாலு தெரு தள்ளி உயிரோடு இருந்திருக்கிறது! சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் போன்றவர்கள் அவருடைய சந்தேகங்களைத் தீர்த்து வைத்தார்கள்.

இது லேசான விஷயம் இல்லை. சோழ மன்னன் சிந்தாமணியை விரும்பிப் படித்ததைப் பார்த்து, அவன் மனசைத் திருப்பவே சேக்கிழார் பெரிய புராணம் பாடினார் என்பது சைவர்களிடம் வழங்கும் மரபு. அப்படிப்பட்ட நூலைத் தேடி, திருநீறு பூசிய ஒருவர் வந்து நிற்கிறார். வீட்டுக்காரர்களுக்கும் தயக்கம் இருந்திருக்கலாம். எண்ணிக்கையில் குறைந்த சமூகம், "எதுக்கு வந்து கேக்கறார்?" என்று யோசிக்கத்தானே செய்யும்? ஐயர் வாதம் பண்ண வரவில்லை, படிக்க வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் கதவு திறந்தது. அவர் கேட்கிற கேள்விகளைக் கவனித்த ஒரு சமண வீட்டு அம்மாள், இவர் 'பவ்ய ஜீவன்' போலிருக்கிறது என்றாராம். மோட்சத்துக்குப் பக்குவமான உயிர் என்று அர்த்தம். சமண வீட்டில் ஒரு மனிதருக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. பிற்காலத்தில் மகாமகோபாத்தியாயர் பட்டமும் டாக்டர் பட்டமும் அவரைத் தேடி வந்தன. என் கணக்கில் முதல் பட்டம் கும்பகோணத்து வீட்டில் கிடைத்ததுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகர் தம் மடத்திலிருந்த சிந்தாமணி ஏட்டை ஐயருக்குக் கொடுத்து ஆதரித்தார். சைவ மடமும் சமணர் வீடும் ஒரே நூலுக்குக் கை கொடுத்த அதிசயம் இது.

நச்சினார்க்கினியர் போன வழி

சிந்தாமணிக்குப் பழைய உரை எழுதியவர் நச்சினார்க்கினியர். அவரைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைச் செய்தி உண்டு. முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். அதன் பிறகு அவர் சமணர் நடுவே தங்கி, அவர்கள் நூல்களைக் கற்று, உரையை மறுபடி எழுதினாராம். இது நடந்ததா இல்லையா என்று கல்வெட்டு காட்ட முடியாது. ஆனால் எங்கள் முன்னோர் இதைச் சொல்லி வந்ததில் ஒரு கருத்து இருக்கிறது: எங்களைப் பற்றி எழுதுகிறவர் எங்களோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதட்டும். ஐயர் செய்தது இதைத்தான்.

காகிதத்தில் வளர்ந்த உறவு

ஏடு தேடுவதற்கு ஐயர் ஊர் ஊராகப் போனார். போக முடியாத இடத்துக்குக் கடிதம் போனது. அச்சுச் செலவுக்கு முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார், அதாவது புத்தகம் வருமுன்னே பணம் தருவதாக வாக்கு. வியாபாரத்தில் நாங்கள் இதை நாணயம் என்போம். முகம் தெரியாத ஊர்க்காரர் முன்பணம் அனுப்புகிறார் என்றால் சொன்ன சரக்கு சொன்னபடி வரும் என்ற நம்பிக்கைதான். சரக்கும் வந்தது. நச்சினார்க்கினியர் உரையோடு சிந்தாமணி 1887இல் வெளியாயிற்று. முதலியார் கேள்வி கேட்டு ஏழு வருஷம்!

ஐயருடைய முன்னுரைகளைப் பாருங்கள். யார் ஏடு கொடுத்தார், எந்த ஊர், யார் எந்த வகையில் உதவினார் என்று பேர் பேராக இருக்கும். வாங்கிய கடனைப் பேரேட்டில் பற்று வைக்கிற மாதிரிதான். ஒரு ஏடு கொடுத்தவர் அடுத்த ஏடு கொடுக்க முன்வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளையோடு இருந்த பழக்கம் வேறு மாதிரி. தொல்காப்பியம், கலித்தொகை எல்லாம் பதிப்பித்த பெரியவர். சிந்தாமணியைத் தாமே அச்சிட ஆசைப்பட்டு ஐயரிடம் ஏடு கேட்டார். ஐயர் கொடுக்கவில்லை. வருத்தம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனாலும் உறவு அறுந்துபோகவில்லை. தாமோதரம் பிள்ளை 1889இல் சூளாமணியை வெளியிட்டார். அதுவும் சமண நூலே. ஒரே சரக்கில் இருக்கிற இரண்டு வியாபாரிகள் போட்டியும் போட்டு, வணக்கமும் சொல்லிக்கொள்வதை நான் மார்க்கெட்டில் பார்த்திருக்கிறேன். முகத்துக்கு நேராக "இல்லை" என்று சொல்லவும் இடம் இருந்தால்தான் அது உறவு.

கடல் தாண்டியும் கடிதம் வந்தது. பாரிஸில் தமிழ் கற்பித்த ழூலியன் வின்சோன் சிந்தாமணிப் பதிப்பைப் படித்துவிட்டு 1891இல் ஐயருக்கு எழுதினார். அந்த நட்பு காகிதத்திலேயே வளர்ந்தது. ஆக்ஸ்போர்டிலிருந்து ஜி.யு. போப்பும் எழுதினார். வந்த கடிதங்களை ஐயர் தூக்கி எறியவில்லை, ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தார். சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூலகத்தில் அவை இருக்கின்றன. ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2018இல் கடிதக் கருவூலத்தின் முதல் தொகுதியும் வந்துவிட்டது.

மணிமேகலைக்கு வந்த கஷ்டம்

மனிதத் தொடர்பின் அருமை, அது கிடைக்காத இடத்தில்தான் தெரியும். மணிமேகலை பௌத்த நூல். சிந்தாமணிக்குச் சமணர் இருந்த மாதிரி, இதற்குப் போய்க் கேட்கக் கும்பகோணத்தில் பௌத்தக் குடும்பம் ஏது? கல்லூரியில் உடனிருந்த மளூர் ரங்காசாரியர் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து பௌத்தக் கருத்துகளை விளக்கிச் சொன்னார். மணிமேகலை 1898இல்தான் வெளிவந்தது. வீட்டு வாசலில் கிடைக்க வேண்டிய அறிவு, சீமையைச் சுற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது.

ஒரு சமூகம் அழிந்தாலோ வாயை மூடிக்கொண்டாலோ அதன் நூலுக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். கும்பகோணத்துச் சமணர்கள் அன்று கதவைச் சாத்தியிருந்தால் சிந்தாமணியும் இப்படி ஊர் சுற்றித்தான் வந்திருக்கும்.

நமக்கு என்ன?

ஐயர் செய்ததை எண்ணிப் பார்த்தால் நாலு காரியம் தெரிகிறது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்டார். கேட்ட பிறகு குறுக்கே பேசாமல் காது கொடுத்தார். கிடைத்த உதவியை ஊரறியப் பேர் சொல்லி எழுதினார். காரியம் முடிந்த பிறகும் தொடர்பை விடவில்லை. 1887இல் சிந்தாமணி வந்த பிறகும் தேடுவதை நிறுத்தாமல், 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்புக் கொண்டுவந்தார்.

இந்த நாலுக்கும் கால் அணா அட்டையும் போதும், இன்றைய கைப்பேசியும் போதும். நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனை ஊர், எத்தனை தொழில், எத்தனை வழிபாடு! பக்கத்து நாற்காலிக்காரர் வீட்டில் என்ன பாட்டு பாடுவார்கள், என்ன நோன்பு இருப்பார்கள், தாத்தா என்ன எழுதி வைத்துவிட்டுப் போனார் என்று நமக்குத் தெரியுமா? அடுத்த தடவை வாழ்த்துப் படம் அனுப்புவதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அந்தக் குடும்பத்தின் பேரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம் பேரப்பிள்ளைகள் அதைத் தேடி வரும் நாளில், கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தப் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். நோட்டுதான் இருக்கும்.