ஒரு பாடம், ஒரு வருஷம்

1994 மே. ப்ளஸ் டூ ரிசல்ட். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு கணக்குல மட்டும் போச்சு. ரெண்டு நாள் கதவே திறக்கலை. அவங்கம்மா அந்தக் கதவுகிட்டயே உட்கார்ந்திருந்தாங்க. அடுத்த பரீட்சை செப்டம்பர்ல. அதுக்குள்ள காலேஜ் அட்மிஷன் முடிஞ்சிடும். ஒரு பாடத்துக்கு ஒரு வருஷம் காலி.

இந்த அநியாயக் கணக்கு சென்னை டாக்டர் லட்சுமி விஜயகுமார் கண்ணுல பட்டது. (சைக்காலஜிஸ்ட் இல்லீங்க, சைக்கியாட்ரிஸ்ட். நானும் ரொம்ப நாள் குழப்பிக்கிட்டேன்.) 1986ல் 'சிநேகா'வை ஆரம்பிச்சாங்க. 1953ல் சாட் வரா என்ற பாதிரியார் லண்டனில் தொடங்கிய சமாரிட்டன்ஸ் பாணிதான்: தன்னார்வலர்கள், ஒரு போன், புத்தி சொல்லாம காதுகொடுத்துக் கேட்கறது. அப்போ தற்கொலை முயற்சியே 309வது பிரிவுப்படி குற்றம். உதவின்னு வாய் திறக்கவே பயப்படணும். 2017 மனநலச் சட்டத்துலதான் அந்தப் பிடி தளர்ந்தது.

ஆனா எனக்குப் பெரிசாப் படறது வேற. பெயிலான பிள்ளைகிட்ட 'தைரியமா இரு'ன்னு சொல்றதோட நிக்காம, பரீட்சை அட்டவணையையே மாத்தணும்னு அரசாங்கத்துகிட்ட கேட்டாங்க பாருங்க, அதுதான். 2000களின் தொடக்கத்தில் உடனடித் தேர்வு வந்தது. ஓரிரு மாசத்துல எழுதி, அதே வருஷம் காலேஜ் சேரலாம். (2017ல் ரேங்க் அறிவிக்கறதையும் அரசு நிறுத்திடுச்சு. அது தனிப் பதிவு.)

போன வாரம் அண்ணனைப் பார்த்தப்ப இதைச் சொன்னேன்.

"எம்பொண்ணு அதுல எழுதித்தான்டா காலேஜ் போனா"ன்னார்.