மின்னஞ்சல் நேரமுத்திரை

ஓர் அஞ்சல் எப்போது எழுதப்பட்டது, ஒவ்வொரு சர்வரையும் எப்போது கடந்தது என்று அதன் தலைப்பகுதியில் காட்டும் பதிவு. இதன் வடிவத்தை 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5322 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வரையறுக்கிறது. ‘டேட்’ வரியை வழக்கமாக அனுப்புநரின் மென்பொருளே இடுவதால் அதில் பொய் நேரம் எழுதுவது எளிது. ‘ரிசீவ்டு’ வரிகளை வழியிலுள்ள சர்வர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கின்றன. கடைசி அரைப்புள்ளிக்குப் பின் நேரம் வரும். கீழ்வரிகள் போலியாக இருக்கலாம். பெறுநரின் சொந்த சர்வர் இட்ட வரியே நம்பத்தக்கது.

ஸ்பேம் வடிகட்டி நிரல், பல வரிகளாக மடிந்த தலைப்பு வரிகளை முதலில் இணைக்கும். பின் நேரத்தைப் பிரித்து யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றும். 10:15:00 +0530 என்பது 04:45:00 யுடிசி. ‘டேட்’, ‘ரிசீவ்டு’ நேரங்கள் பல மணிநேரம் விலகினால் ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி ஸ்பேம் மதிப்பெண்ணைக் கூட்டுகிறது. கணினிக் கடிகாரம் பிசகினாலும் விலகல் வரும் என்பதால் இது துணைச் சான்று மட்டுமே.