விளக்கொளியில் வைரம் பார்த்தவர்கள்

பக்கங்கள் சற்றே வளைந்தும் மூலைகள் மழுங்கியும் அமைந்த குஷன் வெட்டு வைரம், இன்று பழஞ்சுரங்க வெட்டு எனப்படும் 18, 19ஆம் நூற்றாண்டு வடிவத்தின் வழிவந்தது. முடி எனப்படும் உயர்ந்த மேற்பகுதியும், மேசை எனப்படும் சிறிய மேல்தட்டையும், தட்டையாகத் தீட்டிய அடிமுனையும் கொண்ட அவ்வடிவம், வைரங்கள் பெரும்பாலும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அணியப்பட்ட காலத்துக்குரியது.

கல்லை ஆராய்ந்து வாங்கும் மரபோ அதனினும் மிகப் பழையது. மதுரையின் மணிக்கடைத் தெருவை வருணிக்கும் சிலப்பதிகாரம், காகபாதம், களங்கம், புள்ளியாகிய விந்து, கீற்றாகிய ஏகை ஆகிய குற்றங்கள் நீங்கிய வைரத்தையே சிறந்ததாகக் கொள்கிறது. பத்து மடங்கு உருப்பெருக்கியில் இன்றைய வணிகர் தேடுவதும் ஏறத்தாழ இவற்றையே என்பது வியப்புக்குரியது. 17ஆம் நூற்றாண்டில் தக்காணத்துச் சுரங்கங்களைக் கண்ட பிரெஞ்சு வணிகர் தவர்னியே, ஐரோப்பியர் பகலில் சோதித்த கல்லை இந்திய வணிகர் இரவில், சுவரில் குடைந்த மாடத்தில் தடித்த திரியிட்ட விளக்கேற்றி, விரலிடுக்கில் பிடித்து, நீரோட்டம் எனப்படும் தெளிவை மதிப்பிட்டதையும், நீலச்சாயலைக் கண்டறியத் தழைத்த மரத்தின் நிழலே தவறாத சோதனை என்பதையும் எழுதிவைத்துள்ளார்.

அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் 2006இல் நடைமுறைப்படுத்திய வெட்டுத் தரமதிப்பீடு வட்ட வைரங்களுக்கே உரியதாக அமைந்ததால், குஷன் வைரம் வாங்குவோர் சான்றிதழோடு நின்றுவிடாமல், கல்லைச் சாய்த்துச் சாய்த்து, நடுப்பகுதி ஒளியிழந்து வெறுமையாகத் தெரிகிறதா என்று வெவ்வேறு வெளிச்சங்களில் தாமே பார்த்தறிதல் வேண்டும்.