டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு

1960-ஆம் ஆண்டு மாடலாக வந்த வேலியன்ட் காரில் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் ஆல்டர்னேட்டரைப் பொருத்த முடிந்ததற்கு, மாறுதிசை மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்தும் சிலிக்கான் டயோடுகளே வழிவகுத்தன. அதற்கு முன்பிருந்த டைனமோவில், கம்யூட்டேட்டர் எனப்படும் செப்புத் துண்டுகளாலான சுழல் வளையம் மிகுவேகத்தைத் தாங்காததால், டைனமோவை என்ஜினைவிட வெகு வேகமாகச் சுழற்ற முடியவில்லை; எனவே என்ஜின் மெதுவாக ஓடும்போது பேட்டரி போதிய மின்னூட்டம் பெறவில்லை.

கருவி மாறியும் சோதிக்கும் பழக்கம் எளிதில் மாறவில்லை. ஓடும் என்ஜினில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, என்ஜின் நிற்காவிட்டால் டைனமோ நன்றாக உள்ளதெனக் கொள்ளும் பழைய வழக்கம் ஆல்டர்னேட்டருக்குக் கேடாயிற்று. அப்போது திடீரென எழும் மிகை மின்னழுத்தம் டயோடுகளையே எரித்துவிடக்கூடும். வோல்ட்மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து, 12 வோல்ட் அமைப்பில் என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் காட்டுகிறதா எனப் பார்ப்பதும், காட்டாவிட்டால் முதலில் பெல்ட்டின் தளர்வையும் பிறகு கார்பன் பிரஷ்களின் தேய்வையும் ஆராய்வதுமே சரியான முறை.