பத்துக்குப் பத்து மறைந்த கதை: பெண்கள் சீருடற்பயிற்சியில் புள்ளிமுறை

மாணவர்களே, “என் கட்டுரைக்கு ஏன் முழுப்புள்ளி இல்லை?” என்று கேட்பீர்கள். முழுப்புள்ளி என்றால் என்ன என்பதிலேயே ஒரு விளையாட்டு 30 ஆண்டுகள் தடுமாறியிருக்கு, தெரியுமா?

1976 ஜூலை 18, மொன்ட்ரியல் ஒலிம்பிக். ருமேனியாவின் நாடியா கொமானச்சி, வயது 14. இரட்டைக் கம்பியில் சுழன்று இறங்கினார். பலகையில் வந்த எண் 1.00! அரங்கமே குழம்பியது. உண்மையில் அவர் பெற்றது 10.00. அந்த எண்ணைக் காட்டப் பலகையில் இடமில்லை, அவ்வளவுதான். அந்த ஒலிம்பிக்கில் ஏழு முறை பத்து வாங்கினார்.

சிக்கல் பிறகுதான் தொடங்கியது. பத்துதான் உச்சம் என்றால், அதைவிடக் கடினமாகச் செய்பவருக்கு என்ன கொடுப்பது? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், ஆண்கள் பிரிவில், தென்கொரியாவின் யாங் தே யங்கின் ஆட்டத்துக்கு 10.0 என்று இருக்கவேண்டிய தொடக்க மதிப்பை நடுவர்கள் 9.9 என்று கணக்கிட்டார்கள். முதலிடத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.049 புள்ளிதான். தங்கம் போச்சு, வெண்கலமே மிஞ்சியது.

2006-இல் புதிய முறை வந்தது, ஆண்களுக்கும் பெண்களுக்கும். கடினத்துக்கு ஒரு புள்ளி. அதற்கு உச்சவரம்பு இல்லை. செய்நேர்த்திக்கு இன்னொரு புள்ளி. அது பத்திலிருந்து குறையும். சிறு பிழைக்கு 0.1, கீழே விழுந்தால் 1.0. இரண்டையும் கூட்டினால் மொத்தம். கட்டுரையில் கருத்துக்கும் மொழிக்கும் தனித்தனியாகப் புள்ளி போடுவதுபோலத்தான். நம் ஃபாரா ஆன் அப்துல் ஹாடி தோக்கியோவில் போட்டியிட்டதும் இந்த முறையில்தான்.

மேலே ஏறும் பாதையும் படிப்படியானது. அமெரிக்காவில் 10 நிலைகள் உண்டு. கீழ்நிலைகளில் எல்லாரும் ஒரே கட்டாயப் பயிற்சியைச் செய்யவேண்டும். மேல்நிலைகளில் சொந்தமாக அமைக்கலாம். பத்தாம் நிலையையும் தாண்டியதே ஒலிம்பிக்குக்குப் போகும் உயர்நிலை. ஒலிம்பிக்கிலும் 1996 வரை கட்டாயப் பயிற்சி இருந்தது. 1997 முதல் பெண்களுக்குக் குறைந்தபட்ச வயது 16. வளரும் உடலைக் காக்கவே இந்த விதி. இன்று 14 வயது நாடியா ஒலிம்பிக்கில் கால் வைக்க முடியாது!

ஆசிரியர்களே, வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்க: 2004 நிகழ்வு மாற்றத்துக்கு அடிப்படைக் காரணமா, உடனடிக் காரணமா? “ஏதென்ஸ் தவற்றால் விதி மாறியது” என்று மட்டும் எழுதினால் அது பாதி விடைதான். பத்து என்ற கூரை ஏற்கெனவே தாழ்ந்துவிட்டது. ஏதென்ஸில் அது தலையில் இடித்தது. இரண்டையும் பிரித்து எழுதும் மாணவருக்கே வரலாற்றில் உயர்ந்த புள்ளி.