‘த்யூ’வும் ‘வூ’வும்: சமத்துவம் தேடிய முன்னிலைச் சொற்கள்

1793 அக்டோபர் 31 அன்று, பாரிஸின் மக்கள் சங்கங்கள் சார்பில் மல்பெக் என்பவர் பிரெஞ்சுக் குடியரசின் ஆட்சிமன்றமான கன்வென்ஷன் முன் ஒரு விண்ணப்பத்தை வைத்தார். நாட்டில் எவரும் எவரையும் ஒருமையிலேயே அழைக்க வேண்டும் என்று சட்டம் செய்யுங்கள் என்பதே கோரிக்கை. மன்னரின் தலை விழுந்து பத்து மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்து விழ வேண்டியது ஒரு பிரதிப்பெயர் என்று அவர்கள் கருதினார்கள்.

பிரெஞ்சில் முன்னிலைச் சொற்கள் இரண்டு. ‘த்யூ’ நம் ‘நீ’க்கு ஒப்பானது. ‘வூ’ பலரைக் குறிக்கும். மரியாதை கருதி ஒருவரையும் குறிக்கும், நம் ‘நீங்கள்’ போல. இடையில் ‘நீர்’ என்றொரு படி நமக்குண்டு. அவர்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு உரையாடலிலும் ஏதேனும் ஒரு பக்கம் நின்றாக வேண்டும்.

பழைய ஆட்சியில் இந்தத் தேர்வு பேசுபவன் கையில் இல்லை. எசமானன் வேலையாளை ‘த்யூ’ என்பான். வேலையாள் ‘வூ’ என்று மறுமொழி சொல்வான். பிரபுக் குடும்பங்களில் கணவனும் மனைவியுமே ஒருவரையொருவர் ‘வூ’ என்றழைத்தனர். ஒருவரைப் பன்மையால் சுட்டும் பழக்கத்தைச் செருக்கும் நிலப்பிரபுத்துவமும் ஊட்டியவை என்றும், அது நீங்கினால் பேதம் குறைந்து தோழமை வளரும் என்றும் விண்ணப்பம் வாதிட்டது.

கன்வென்ஷன் விண்ணப்பத்தைப் பாராட்டியது. சட்டம் மட்டும் செய்யவில்லை. நவம்பரில் உறுப்பினர் பாசிர் மீண்டும் வற்புறுத்தியபோதும் மறுத்துவிட்டது. ஆயினும் பொதுநலக் குழுவின் கடிதங்களிலும் அலுவலகங்களிலும் ‘த்யூ’ புகுந்தது. அச்சம் ஆண்ட அம்மாதங்களில் ‘வூ’ என்பவன் ஐயத்துக்குரியவனானான். அன்பின் சொல் கட்டாயத்தின் சொல்லாக மாறியதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். 1794 ஏப்ரலில் பாசிரும் கில்லட்டினுக்கு இரையானார். சூலையில் ரொபெஸ்பியர் வீழ்ந்தபின், ‘வூ’ மெல்ல மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பியது.

புரட்சியாளர்கள் காணத் தவறியது ஒன்றுண்டு. ‘த்யூ’ இருபுறமும் செல்லும்போதுதான் தோழமை. ஒருபுறம் மட்டும் செல்லுமானால் அதுவே அவமதிப்பு. இதை உலகறியச் சொன்னவர் பாரிஸில் பிறந்தவரல்லர். 1960 சூன் 30 அன்று, காங்கோ விடுதலை பெற்ற விழாவில், பெல்ஜிய மன்னர் பூதுவென் அமர்ந்திருக்க, பிரதமர் பத்ரீஸ் லுமும்பா தம் மக்கள் பட்ட துன்பங்களைப் பட்டியலிட்டார். கட்டாய உழைப்பு, அடி, நிலப்பறிப்பு ஆகியவற்றோடு, கறுப்பரைத் ‘த்யூ’ என்றழைத்த வழக்கத்தையும் அவர் சேர்த்தார். அது நண்பனை அழைக்கும் ‘த்யூ’ அன்று. மதிப்புக்குரிய ‘வூ’ வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்ததால் வந்தது என்றார். ஒரு நாட்டின் பிறப்புரையில் இலக்கணம் குற்றச்சாட்டாக இடம்பெற்ற அரிய தருணம் அது.

2014 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சுக் காவல்துறை ஒழுக்க விதிகள், பொதுமக்களை ‘வூ’ என்றே அழைக்க வேண்டும் எனக் காவலரைப் பணிக்கின்றன. 1793இல் சமத்துவத்தின் பெயரால் மறுக்கப்பட்ட அதே சொல், இன்று மனித மாண்பின் பெயரால் விதிக்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. மேலிருந்து எறியப்படும் ஒருமையைத் தடுப்பதே இரண்டின் நோக்கமும். ஒன்று எல்லோரையும் ‘த்யூ’வுக்கு இறக்கப் பார்த்தது, மற்றது எல்லோரையும் ‘வூ’வுக்கு ஏற்றுகிறது.

இந்த வரலாற்றை அறிந்தபின் இலக்கிய வாசிப்பும் மாறுகிறது. வெ. ஸ்ரீராமின் தமிழாக்கத்தால் நாமறிந்த காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை எண்ணிப் பார்க்கலாம். ரெமோனுக்காக மெர்சோ கடிதம் எழுதிக் கொடுத்ததும், ரெமோன் அவனை ஒருமையில் அழைக்கத் தொடங்குகிறான். மெர்சோ அதைத் தாமதமாகவே உணர்கிறான், உணர்ந்தும் பொருட்படுத்துவதில்லை. பின்னால் கடற்கரையில் நிகழும் கொலைக்கான பாதை அந்த நட்பிலிருந்து நீள்கிறது. வேகமாகப் புரட்டும் வாசகன் ஒரு பிரதிப்பெயர் மாறியதை எளிதில் தவறவிடுவான். பிரெஞ்சு மொழியாக்கங்களைப் படிக்கையில் ‘நீங்கள்’ எங்கே ‘நீ’ ஆகிறது என்று சற்றே நின்று பார்ப்போம்.